பழைய டிராக்டருக்கு ஏற்ற மானி எது?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் இன்று தொழிற்சாலைகளால் பெயர் பெற்றது. ஆயினும் அதைச் சுற்றியுள்ள ஏரிப்பாசன ஊர்களில் பழைய டிராக்டர்கள் இன்னும் உழுதுகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் முகப்பில் இருப்பது அம்மீட்டர். திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டியிலும் இதுவே இருந்தது. பாட்டரிக்கு மின்னேற்றம் நடைபெறுவதை அறிய இம்மானி ஒன்றே போதுமா?

அம்மீட்டரின் சிறப்பை மறுப்பதற்கில்லை. மின்னோட்டம் பாட்டரிக்குள் செல்கிறதா, அதிலிருந்து வெளியேறுகிறதா என்பதை முள் உடனே காட்டிவிடும். ஆனால் முள் சுழியில் நின்றால் என்ன பொருள்? பாட்டரி நிறைந்திருக்கலாம், டைனமோ பழுதாகியும் இருக்கலாம். டீசல் எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரத்தை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே விளக்கு எரியாத பகல் உழவில் இப்பழுது வெளிப்படாது. மறுநாள் விடியலில் ஸ்டார்ட்டர் சுழலாதபோதுதான் உண்மை தெரியும்.

மற்றொரு குறையும் உண்டு. அம்மீட்டர் தொடரிணைப்பில் அமைவதால் மின்னேற்ற ஓட்டம் முழுவதும் முகப்புக்கு வந்தே திரும்ப வேண்டும். அங்கே ஒரு நட்டு தளர்ந்து 0.1 ஓம் தடை உண்டாயிற்று என்று கொள்வோம். 30 ஆம்பியர் பாயும்போது அவ்விடத்தில் 90 வாட் வெப்பம் பிறக்கும். கம்பியின் உறை உருக இது போதும். டைனமோவை நீக்கி, அதிக ஓட்டம் தரும் ஆல்டர்னேட்டரைப் பொருத்துவோர் இதை மறத்தலாகாது.

வோல்ட்மீட்டரோ பக்க இணைப்பில் அமைவது. ஃபியூஸ் சேர்த்த மெல்லிய கம்பியே அதற்குப் போதும். 12 வோல்ட் பாட்டரி நிறைந்து ஓய்வில் இருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை காட்டினால் மின்னேற்றம் நன்று. 12.5க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் மின்னேற்றம் இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது; பாட்டரியின் நீர் வற்றிவிடும்.

இம்மானியும் குறையற்றதன்று. எத்தனை ஆம்பியர் பாய்கிறது என்பதை இது சொல்லாது. மேலும், 0 முதல் 30 வோல்ட் வரை அளவிட்ட மானியில் 12.6க்கும் 13.8க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு எளிதில் புலப்படாது. 8 முதல் 16 வரை அளவிட்டதே பயன்படும்.

ஆகவே, ஒன்றே வாங்க இயலுமெனில் வோல்ட்மீட்டரே ஏற்றது. பழைய டைனமோவும் அம்மீட்டரும் நல்ல நிலையில் இருந்தால் நட்டுகளை இறுக்கி அதையும் வைத்துக்கொள்ளலாம். தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவர்கள், ஒருமுறை டிராக்டரின் முகப்புப் பலகைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது நல்லது.