தட்டையான வட்டம்

கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமிக்கு மருந்து கேட்கும் என்றால் எஸ், கேட்காது என்றால் ஆர் என்று ஒற்றை எழுத்தில் முடிந்துவிடும் சங்கதி, ஆய்வகத்தில் பார்க்க அத்தனை அழகு. கிர்பி, பாவர் குழுவினர் 1966-இல் ஒழுங்குபடுத்திய முறை இது. 4 மி.மீ. கனமுள்ள முல்லர்-ஹின்டன் அகார்மேல் கிருமிக் கரைசலைப் பஞ்சுக்குச்சியால் இடைவெளியின்றிப் பூசி, மருந்து ஊறிய 6 மி.மீ. காகித வில்லைகளை வைக்கிறார்கள். 35 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். மருந்து வென்ற இடத்தில் மட்டும் தெளிந்த வட்டம். பெரிய வட்டம் என்றால் சிறந்த மருந்து என்று எண்ணிவிடக் கூடாது, மருந்துக்கு மருந்து அளவு வேறு.

எனக்குப் பிடித்தது ‘டி’ (D) சோதனை. ஸ்டாஃபைலோகாக்கஸ் பூசிய தட்டில் எரித்ரோமைசினுக்குப் பக்கத்தில் கிளிண்டமைசினை வைப்பார்கள். சில கிருமிகளில் கிளிண்டமைசின் வட்டம் எரித்ரோமைசின் பக்கம் மட்டும் தட்டையாகி, ஆங்கில ‘டி’ எழுத்தாக நிற்கும். எரித்ரோமைசின் தூண்டியதும் கிருமி தன் ரைபோசோமை மாற்றிக்கொண்டு இரண்டுக்கும் டிமிக்கி கொடுக்கிறது. வில்லைகள் தள்ளி இருந்திருந்தால் கிளிண்டமைசின் கேட்கும் என்றே ரிப்போர்ட் போயிருக்கும். கண்டுபிடிக்க ஒரு ஸ்கேலும் நல்ல கண்ணும் போதும்!

டாக்டர் கல்ச்சர் எழுதிக்கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடுங்கள். பிந்தினால் தட்டில் எதுவும் வளராமலே போகலாம்.