இருளில் வாழும் சொல்

ஆங்கிலக் கவிதையில் ‘டார்க்லிங்’ என்றொரு சொல் உண்டு. ‘இருளில்’ என்பதே அதன் பொருள். ‘லிங்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வினையடைகளை ஆக்கிய ஒரு விகுதி. உலக வழக்கிலிருந்து என்றோ ஒதுங்கிவிட்ட இச்சொல், கவிகளிடத்தில் மட்டும் தலைமுறை தலைமுறையாகக் குலதனம்போல் கைமாறி வந்திருக்கும் அழகு, ரசிகர்கள் நின்று நிதானித்து அநுபவிக்கத் தக்கது.

ஷேக்ஸ்பியர் இதை, பெற்ற மகளால் அவமதிப்புற்று நிற்கும் லியர் மன்னனின் எதிரே, விளக்கணைந்த வீட்டின் நிலையைச் சொல்லும் விதூஷகனின் வாயில் வைத்தார். அங்கே அது வேடிக்கைபோல் வந்து நெஞ்சைச் சுடுகிறது. 1652-ஆம் ஆண்டுக்குள் இரு கண்களின் ஒளியையும் முற்றும் இழந்துவிட்ட மில்டனோ, 1667-இல் வெளிவந்த ‘பாரடைஸ் லாஸ்ட்’ மகா காவியத்தின் மூன்றாம் காண்டத் தொடக்கத்தில், ஒளியை வணங்கித் தம் குருட்டுத்தன்மையை நினைந்து உருகுமிடத்தில், அடர்ந்த மரச்செறிவில் மறைந்து இரவில் பாடும் நைட்டிங்கேல் பறவைக்கு இச்சொல்லை அளித்து, அப்பறவையைத் தமக்கே உவமையாக்கிக்கொண்டார். அந்தக் கணத்திலிருந்து இச்சொல்லுக்குள் ஒரு பறவையின் குரலும் குடிபுகுந்துவிட்டது.

1749-இல் டாக்டர் ஜான்சன், விதியின் வெள்ளத்தில் விவேகமின்றி உருண்டு செல்லும் மனிதனுக்கு இதைச் சூட்டி, புறவிருளை அகவிருளாக்கினார். 1819-இல் கீட்ஸ், அதே நைட்டிங்கேலின் கானத்துக்குச் செவிசாய்த்து, மரணத்தையும் இனிதென எண்ணும் தறுவாயில், பாடும் பறவைக்கு உரியதாயிருந்த சொல்லைக் கேட்கும் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். 1867-இல் வெளியான ‘டோவர் பீச்’ என்னும் கவிதையில் ஆர்னால்டு, நம்பிக்கை வற்றிய உலகத்தையே இச்சொல்லால் குறிக்கும் ஒரு சமவெளியாகக் கண்டார். 1900 டிசம்பரில், நூற்றாண்டின் அந்திமத்தில், வேறொரு தலைப்பில் வெளிவந்த தம் கவிதைக்கு ஹார்டி பின்னர் இச்சொல்லைத் தலைப்பிலேயே ஏற்றி, குளிர்கால மாலையிருட்டில் பாடும் மெலிந்த கிழட்டு த்ரஷ் பறவை ஒன்றுக்கு அதை மீட்டுத் தந்தார். ஆர்னால்டின் இருளும் மில்டனின் இசையும் அந்த ஒரே தலைப்பில் சங்கமிக்கின்றன.

அருஞ்சொல்லை ஆளுவது பெரும்பாலும் புலமைப் பகட்டாகவே முடிகிறது. முன்னோர் அச்சொல்லில் வைத்துப்போன உணர்ச்சியை அறிந்து, அதன்மேல் தம்முடையதையும் சேர்த்து வைப்பவனுக்கே அதை எடுத்தாள உரிமையுண்டு. மில்டன், கீட்ஸ், ஆர்னால்டு, ஹார்டி ஆகிய நால்வரையும் இந்த வரிசையில் ஒரே அமர்வில் படிக்கும் அன்பர், இவ்வுண்மையை என் சாட்சியமின்றியே உணர்வார்.