ஐந்து சுவிட்சும் ஏழு சுவிட்சும்

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1992-இல் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற அட்டையை வெளியிட்டது. அதன் ஒலித் தரத்தைப் பற்றிப் பலரும் பேசியாயிற்று. எனக்குப் பிடித்தது அதற்குள் ஒலி போகிற வழி. அதைப் பார்த்துக்கொள்வது 1745 என்று எண்ணிட்ட ஒரு மிக்சர் சிப்.

அந்தச் சிப்பில் வந்து சேர்பவை: கம்ப்யூட்டர் எண்களாக வைத்திருந்து ஒலியாக மாற்றிய 'வாய்ஸ்', சிந்தசைசர் வாசிக்கும் 'மிடி', சிடி, லைன்-இன், மைக். (கேபினெட்டுக்குள் கீச்சிடும் பிசி ஸ்பீக்கருக்கும் ஓரமாய் ஒரு திண்ணை உண்டு.) கலப்பது என்றால் மின்னழுத்தங்களைக் கூட்டுவது, அவ்வளவுதான். சிடி டிரைவிலிருந்து நான்கு முள் கொண்ட ஒரு மெல்லிய ஒயர் நேராக அட்டைக்கு வந்துவிடும். அதில் ஓடும் பாட்டு பிராசஸருக்குத் தெரியவே தெரியாது. பிராசஸர் செய்வதெல்லாம், பதினறும எண்ணில் 224 என்ற வாசலில் எந்த ரெஜிஸ்டர் என்று சொல்லி, 225-இல் அதற்கான மதிப்பைப் போடுவதுதான்.

வால்யூமுக்கு ஐந்து பிட், அதாவது 32 படிகள். உச்சியில் பூஜ்யம், அடியில் -62 டெசிபல், படிக்கு 2 டெசிபல். மூன்று படி இறங்கினால் மின்னழுத்தம் ஏறக்குறைய பாதி. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒரு படி காதுக்கு ஒரே அளவு மாற்றமாகப் படுவது இந்தக் கணக்கால்தான்.

ஆனால் என் மனம் போவது சுவிட்சுகளிடம். ஸ்பீக்கர் பக்கத்துக்கு ஐந்து: மைக், சிடி இடது, சிடி வலது, லைன் இடது, லைன் வலது. பதிவுப் பக்கத்தில் இடது காதுக்குத் தனியாக ஏழு, வலது காதுக்குத் தனியாக ஏழு. இடது காதின் ஏழில் லைன் வலதும் இருக்கிறது! ஒரு பக்கம் செத்துப்போன பழைய கேசட்டா? உயிரோடிருக்கும் பக்கத்தை இரண்டு காதுக்கும் திருப்பலாம். ஒயரை இடம் மாற்றிச் செருகிவிட்டீர்களா? பின்பக்கம் கை விடாமலே இடத்தை வலமாக்கிப் பதியலாம்.

வால்யூம் ஓடையின் தலைமாட்டில் இருக்கிறது. சுவிட்சுகள் அது இரண்டாகப் பிரிந்த பிறகு வருகின்றன. மைக்கின் வால்யூமை அடைத்தால் பதிவும் சேர்ந்து போகும். ஸ்பீக்கர் பக்கத்து மைக் சுவிட்சை மட்டும் அணைத்தால், பாடுபவர் குரல் பதிவாகிக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கர் ஊளையிடாது. கச்சேரி மேடையில் மைக் செட்காரர் பாடகருக்கு ஒரு கலவையும் சபைக்கு வேறொரு கலவையும் கொடுப்பாரே, அந்தச் சாமர்த்தியத்தை ஒரு சிப்பில் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.

தொடக்க மதிப்புகளையும் பார்த்துவிட வேண்டும். பதிவுப் பக்கத்தில் இடது காதுக்கு 0010101, வலது காதுக்கு 0001011; 1 என்றால் போட்ட சுவிட்ச், 0 என்றால் அணைத்தது. கடைசி ஒன்று மைக். இடம் வலம் இல்லாத ஒற்றைத் தடமானதால் இரண்டிலும் நிற்கிறது. அதற்கு முன்னால் உள்ள நான்கு இடங்களில் 1010 என்றும் 0101 என்றும், இடதும் வலதும் பல்லிடுக்கில் பல்லாகப் பொருந்துகின்றன. கோலம் போட்டவர் கை இது என்றே எனக்குத் தோன்றும்.

வாய்ஸுக்கு எந்தப் பக்கத்திலும் சுவிட்ச் கிடையாது. கம்ப்யூட்டர் தான் வாசிப்பதைத் தானே திருப்பிப் பதிய இந்தச் சிப் வழிவிடவில்லை. பின்னால் வந்த அட்டைகள் விட்டன. மிடியின் கதை வேறு. ஸ்பீக்கர் பக்கம் அதற்குச் சுவிட்சே இல்லை, சிந்தசைசர் வாசித்தால் காதில் விழுந்தே தீரும். பதிவுப் பக்கத்தில் மட்டும் காதுக்கு இரண்டாக நான்கு சுவிட்சுகள், நான்கும் தொடக்கத்தில் அணைத்தவை. அந்த இரண்டு எண்களின் முன்னால் நிற்கும் இரட்டைப் பூஜ்யங்கள் அவைதான்.