ரோந்து வண்டிக்கு ஓர் இழுவைக் கொக்கி

அமெரிக்கக் காவல் துறைகள் பணிக்காலம் முடிந்ததும் ஏலத்தில் விற்கும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகள், பெரிய பிரேக்குகளும் உறுதியான சஸ்பென்ஷனும் கொண்டவை என்பதால், அவற்றை வாங்குவோர் பலர் பின்புறம் ஹிட்ச் எனப்படும் இழுவைக் கொக்கியைப் பொருத்தி, படகையோ சிறு ட்ரெய்லரையோ இழுக்க விரும்புகின்றனர். ஹிட்ச்சின் இதயம் ரிசீவர், அதாவது ட்ரெய்லர் மாட்டப்படும் உலோகப் பந்தைத் தாங்கும் தண்டு செருகப்படும் சதுரக் குழாய். பெரும்பாலும் 2 அங்குல வாயுடைய அது, குறுக்கே ஓடும் எஃகுக் குழாயுடன் பற்றவைக்கப்பட்டு, வண்டியின் அடிச்சட்டத்தோடு போல்ட்டுகளால் இணைகிறது. இழுவையின் முழு விசையையும் தாங்குபவை இந்தச் சில போல்ட்டுகளே. ஆகவே, குறித்த முறுக்குவிசைக்கு மேலோ கீழோ போகாமல் டார்க் ரெஞ்சால் அவற்றை இறுக்கும் பொறுமையே இக்கைவினையின் உண்மையான அழகு.

மின்னிணைப்பில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சுழல்விளக்கும் வானொலியும் கழற்றப்பட்ட வண்டியில் வெட்டுண்ட கம்பிகள் எஞ்சியிருக்கக்கூடும். ட்ரெய்லர் விளக்குகளுக்கான நான்முனை இணைப்பியைச் சேர்க்குமுன் அவற்றை இனங்கண்டு காப்புறையிடுவது நல்லது.

கொக்கியை அழுத்தும் செங்குத்துச் சுமை, ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். குறைந்தால் ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடும். ஹிட்ச் எவ்வளவு வலியதாயினும், அந்த வண்டிக்குத் தயாரிப்பாளர் விதித்த இழுவை வரம்பே இறுதியானது.