பெர்க் தங்கிய மண்

அமெரிக்காவின் டிரை கிளீனிங் கடைகள் தீப்பிடிக்கும் பெட்ரோலியக் கரைப்பான்களை விட்டு பெர்குளோரோஎத்திலீனுக்கு மாறியதற்கு முக்கியக் காரணம், அது எரியாது என்பது. தொழிலில் அதற்குப் பெயர் பெர்க். தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனமானதால், தரையில் சிந்தியது நிலத்தடி நீரில் மிதக்காமல் அதையும் கடந்து இறங்கிக் களிமண் அடுக்கின் மேல் தேங்கும். அந்நாட்டில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு லிட்டர் பெர்க் சுமார் 32 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புவரை கெடுக்கப் போதும். பழைய சலவைக் கடை நிலங்களைச் சீர்செய்யும் எந்த முறையையும் இந்த எண்ணை முன்வைத்தே எடைபோட வேண்டும்.

வட கரோலினாவின் ஜாக்சன்வில் நகரில் ஏபிசி ஒன்-அவர் கிளீனர்ஸ் என்ற கடை 1950களில் தொடங்கியது. அதன் கழிவுநீர் செப்டிக் டேங்க்குக்குப் போனது. பெர்க்கைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சிய கசடை அருகிலிருந்த பாதையின் குழிகளில் கொட்டி நிரப்பினார்கள். பக்கத்தில் லெஜூன் மரைன் படை முகாமின் டராவா டெரஸ் குடியிருப்புக்கு நீர் தந்த கிணறுகள் இருந்தன. 1982இல் பரிசோதனை மாசைக் காட்டியது. கெட்ட கிணறுகள் மூடப்பட்டதோ 1985 பிப்ரவரியில். அங்கே விநியோகித்த நீரில் அளந்த உச்சம் 215 மைக்ரோகிராம், வரம்பைப்போல் 43 மடங்கு. தெரிந்த பிறகும் அந்த நீரைக் குழந்தைகள் குடித்தார்கள் என்பதைக் கடந்து என்னால் போக முடியவில்லை. முதல் அளவீட்டுக்கும் முதல் நடவடிக்கைக்கும் இடையே எவ்வளவு காலம் போனது என்பதே எந்தச் சீரமைப்புத் திட்டத்துக்கும் நான் வைக்கும் முதல் உரைகல். இந்த இடம் அதில் தோற்றது.

1989இல் அந்த நிலம், மோசமாக மாசுபட்ட இடங்களுக்கான கூட்டரசின் சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்ந்தது. நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிப்பது, மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுப்பது ஆகிய இரண்டும் 1990களில் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆவியை உறிஞ்சும் முறை, நீர்மட்டத்துக்கு மேலுள்ள மணற்பாங்கான மண்ணில் நன்றாகவே வேலை செய்யும். இறைக்கும் முறையின் நிலை வேறு. மாசு பரவாமல் தடுக்க அது உதவும், நிலத்தைக் குணப்படுத்தாது. ஆண்டுக்கணக்கில் களிமண்ணுக்குள் ஊறிய பெர்க், சுற்றியுள்ள நீர் தெளிந்ததும் மெல்லத் திரும்பி வெளியே கசியும். நெய் குடித்த மண்பானையை எத்தனை முறை கழுவினாலும் பிசுக்கு மேலே வருவதைப்போல. பம்பை நிறுத்தினால் அளவு மீண்டும் ஏறுகிறது. ஆகவே இறைத்த நீரின் கொள்ளளவைச் சாதனையாகக் காட்டும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை.

நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கும் முறைமேல் எனக்கு மதிப்புண்டு, ஒரு கண்டிப்போடு. காற்றில்லா நிலையில் டீஹாலோகாக்காய்டஸ் என்ற பாக்டீரியா, பெர்க்கின் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தீங்கற்ற எத்திலீனாக்கும். வினை நடுவழியில் நின்றுவிட்டால் மிஞ்சுவது வினைல் குளோரைடு. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள் அது. குடிநீரில் அதற்கான வரம்பு 2 மைக்ரோகிராம் மட்டுமே. பெர்க் குறைந்தது என்ற ஒற்றை வரைபடம் இங்கே ஏமாற்றும். எத்திலீன் உருவானதைக் காட்டாத வெற்றி வெற்றியில்லை.

மதிப்பீட்டு முறைகளில் பழைய வழக்கம், நாலைந்து கண்காணிப்புக் கிணறு தோண்டி நீரைச் சோதிப்பது. நீளமான வடிகட்டிக் குழாயுள்ள கிணறு நல்ல நீரையும் கெட்ட நீரையும் கலந்து சராசரி காட்டுவதால், மெல்லிய, செறிந்த படலம் கண்ணுக்குத் தப்பிவிடும். இதைவிடப் பெரிய குறை, ஆவியைப் பின்னுக்குத் தள்ளுவது. பெர்க் ஆவி தரை விரிசல் வழியாகவும் சாக்கடைக் குழாய் வழியாகவும் அடுத்த வீட்டுக்குள் நுழையும். அந்தக் குழாய்களே கசிந்து நிலத்தடி நீரைக் கெடுப்பதை 1992இலேயே கலிஃபோர்னியாவின் நீர்த்தர வாரிய அறிக்கை ஒன்று சுட்டியது. ஆவி ஊடுருவலுக்கான வழிகாட்டியைக் கூட்டரசுச் சுற்றுச்சூழல் முகமை இறுதி செய்தது 2015இல். அதற்கு முன் முடித்த கோப்புகளில் வீட்டுக்குள்ளிருக்கும் காற்றை அளந்தார்களா என்று இன்று திரும்பிப் பார்ப்பது அவசியம்.

சில மாநிலங்கள், மிச்ச மாசை மண்ணிலேயே விட்டு, கிணறு தோண்டுவதற்கான தடையை நிலப் பத்திரத்தில் பதிந்து கோப்பை மூடுகின்றன. எல்லா நிலத்தையும் கடைசித் துளிவரை சுத்தம் செய்யப் பணமில்லை என்ற அவர்கள் வாதம் நியாயமானது. சிறு கடைக்காரர்கள் பலர் இறந்தோ கடையை மூடியோ போய்விட்டார்கள். புளோரிடா 1994இல் தொடங்கியதைப் போன்ற நிதிகள் இல்லையென்றால் பெரும்பாலான நிலங்களை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்த நிதிகளில் பல, விற்கும் கரைப்பானின் மீதான வரியை நம்பியவை. பெர்க் பயன்பாடு குறையக் குறைய வரவும் வற்றும். 2024 டிசம்பரில் வெளியான கூட்டரசு விதி, டிரை கிளீனிங்கில் பெர்க்கைப் பத்தாண்டில் நிறுத்தச் சொல்கிறது. நிலத்துக்குள் இருக்கும் பெர்க்குக்கு அந்தக் கெடு பொருந்தாது.

என் தீர்ப்பு இது. மாசின் மூலத்தைத் தோண்டியோ சூடேற்றியோ எடுத்து, அண்டை வீடுகளின் காற்றைக் குளிர்காலத்திலும் கோடையிலும் அளந்து, அந்த முடிவுகளைக் குடியிருப்போர் கையில் கொடுத்த பின் மூடும் கோப்பை ஏற்கலாம். பத்திரப் பதிவை மட்டும் நம்பி மூடியவற்றை மறுபடி திறக்க வேண்டும். அதற்கான பணத்தைக் கரைப்பான் வரியில் தேடாமல் மாநில வரவு செலவுத் திட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.