டப் என்று மூடும் போன்

செல்போன் சரித்திரத்தில் மனிதர்களுக்கு நிஜமாகவே சந்தோஷம் கொடுத்த கண்டுபிடிப்புகள் கம்மி. அதில் ஒன்று, பேசி முடித்ததும் 'டப்' என்று மூடுவது. கோபமாக இருந்தால் கொஞ்சம் ஓங்கி மூடலாம். தொடுதிரையை எவ்வளவு கோபமாகத் தேய்த்தாலும் அந்தத் திருப்தி வராது.

மோட்டோரோலா 1996-ல் 'ஸ்டார்டாக்' என்று இரண்டாக மடியும் போனைக் கொண்டுவந்தது. 2004-ல் அதே கம்பெனி 'ரேஸர்' விட்டபோது சினிமா வில்லன்கள் முதல் ரியல் எஸ்டேட் புரோக்கர்கள் வரை அதைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் ஐபோன் வந்தது. கதை முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. மடக்கு போன் திரும்பி வந்திருக்கிறது. லட்ச ரூபாய்க்கு விற்கும் மடங்கும் கண்ணாடியைச் சொல்லவில்லை. சின்னதாக, பட்டன் வைத்து, பேசுவதற்கு மட்டும் ஆன ஃப்ளிப் போன். அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்களிடமிருந்து தப்பிக்க நினைக்கும் நாற்பது வயசுக்காரர்களும் வாங்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் இந்த 'சிம்பிள்' போனை வாங்குவது மட்டும் சிம்பிளாக இல்லை. என் புகார் அதுதான்.

சமீபத்தில் ஒரு மொபைல் கடையில் பார்த்தது. எழுபது வயதுப் பெரியவர் ஒரு ஃப்ளிப் போனைக் கையில் வைத்துத் திறக்கிறார், மூடுகிறார். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். விலையும் ஒத்து வந்துவிட்டது. கவுன்ட்டர் பையன் கடைசியில் கேட்டான்:

"ஐயா, உங்களுது என்ன சிம்மு?"

"ஜியோப்பா."

"அப்ப இது செட் ஆகாதுங்கய்யா."

"ஏன், சிம்மு உள்ள போகாதா?"

"போகும். பேச முடியாது."

சிம் உள்ளே போகும், பேச முடியாது. இதை எழுபது வயதுக்காரருக்கு எப்படி விளக்குவது? முயற்சி செய்கிறேன். பழைய ஜிஎஸ்எம் காலத்தில் எந்த சிம்மையும் எந்த போனிலும் போடலாம், பேசலாம். 4ஜி-யில் குரலுக்கென்று அந்தப் பழைய பாதை கிடையாது. பேச்சையும் துண்டு துண்டாக்கி டேட்டாவாகவே அனுப்ப வேண்டும். அதற்கு 'வோல்ட்டி' என்று பெயர். போனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் மூன்றிடமும் பழைய 2ஜி இன்னும் ஓடுகிறது. ஜியோ 2016 செப்டம்பரில் கடை திறந்தபோதே 4ஜி-யோடுதான் திறந்தது. 2ஜி வைத்துக்கொள்ளவே இல்லை. ஆகவே 2ஜி போனில் ஜியோ சிம் என்பது டீசல் வண்டியில் பெட்ரோல்.

ஐடெல் கம்பெனி 2024 அக்டோபரில் 2,499 ரூபாய்க்கு 'ஃப்ளிப் ஒன்' விட்டது. பார்க்க அழகு. ஆனால் 2ஜி. இதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஏர்டெல் சிம் வைத்திருப்பவருக்கு நாலு வார்த்தை பேசப் போதும். எரிச்சல் எங்கே என்றால், இந்த மாதிரி போன்களின் பெட்டியில் கேமரா, எஃப்எம், ப்ளூடூத் எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். எந்த சிம் வேலை செய்யாது என்பதை பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். மருந்துப் பட்டையில் எக்ஸ்பயரி தேதி அச்சடிக்கும் அதே சாமர்த்தியம்.

4ஜி மடக்கு போனுக்கு நல்ல உதாரணம், 2022-ல் எச்எம்டி கம்பெனி நோக்கியா பெயரில் இங்கே 4,649 ரூபாய்க்கு வெளியிட்ட '2660 ஃப்ளிப்'. (நோக்கியா என்றதும் 2014 நவம்பரில் மூடிய ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஞாபகம் வருகிறதா? எனக்கும்தான்.) பட்டன்கள் பெரிசு. வெளியே குட்டித் திரையில் யார் கூப்பிடுகிறார் என்று தெரியும். காது மெஷின் வைத்திருப்பவர்களுக்குத் தோதானது. பக்கவாட்டில் அவசரப் பொத்தான் ஒன்று. பேட்டரியைக் கழற்றலாம். இதெல்லாம் பாஸ் மார்க். கேமரா என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை. சார்ஜ் பண்ண அந்தக் காலத்து மைக்ரோ யுஎஸ்பி. வீட்டில் எல்லாரும் டைப்-சி-க்கு மாறிய பிறகு தாத்தாவுக்கு மட்டும் தனி ஒயர். வாட்ஸ்அப் கிடையாது, பேரனின் முகம் பார்க்க வேறு வழி பார்க்க வேண்டும்.

விலை குறைவு என்று ஜியோவே 2023-ல் 999 ரூபாய்க்கு விட்ட 'ஜியோ பாரத்' பக்கம் போகலாம். அது மடங்காது, வேறு கம்பெனி சிம்மும் ஏற்காது. 999-க்கு போன் தருகிறார்கள் என்றால் ஆளையும் சேர்த்து வாங்குகிறார்கள் என்று அர்த்தம். பி.காம். முதல் வருஷத்திலேயே இது வந்துவிடும்.

அப்புறம் அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவரும் ஃப்ளிப் போன். அங்கே ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரியிலும், வெரைசான் அந்த வருஷக் கடைசியிலும் 3ஜி-யை மூடிவிட்டன. நல்ல நிலையில் இருந்த பழைய மடக்கு போன்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பேப்பர்வெயிட் ஆயின. புதுசு என்றாலும் அந்த ஊர் கம்பெனிக்கே பூட்டு போட்டிருக்கலாம். பூட்டைத் திறந்தாலும் அந்த போனுக்குத் தெரிந்த அலைவரிசைகள் வேறு. ஜியோவின் 4ஜி பெரும்பாலும் 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அலைவரிசை ஒத்துப்போய் சிக்னல் நாலு கோடு காட்டினாலும், இந்தக் கம்பெனியின் வோல்ட்டி அதற்குத் தெரியாவிட்டால் பேச முடியாது. மகனிடம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதாம் கொண்டுவரச் சொல்லுங்கள், போதும்.

போனை விட்டுத்தள்ளி சிம்மை மாற்றலாமே? லாம். நம்பர் மாறாமல் கம்பெனி மாற, PORT என்பதை 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி இருக்கிறது. கேஸ் சிலிண்டர், பென்ஷன், பேங்க், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான் தொங்குகிறது என்பதால் நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒருமுறை மாறினால் 90 நாள் அசைய முடியாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

இன்னொரு கணக்கு. போன் ஒருமுறைச் செலவு; ரீசார்ஜ் ஆயுள் தண்டனை. இன்டர்நெட்டே பார்க்க முடியாத போனுக்கு தினசரி ஒன்றரை ஜிபி டேட்டா கட்டி அழுத பெரியவர்கள் எத்தனை பேர்! 2024 டிசம்பரில் டிராய் தலையிட்டு, பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனி ரீசார்ஜ் தரவேண்டும், 365 நாள் வரை தரலாம் என்று உத்தரவு போட்டது. கம்பெனிகளும் 2025 ஜனவரியில் அறிமுகப்படுத்தின. கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது பழைய போனில் இருக்கும் அதே சிம்மை எடுத்துக்கொண்டு போங்கள். புது போனில் போட்டு, கடைக்குள்ளேயே வீட்டுக்கு ஒரு கால், வீட்டிலிருந்து ஒரு கால். ஒரு நிமிஷமாவது பேச வேண்டும். பிறகு மூடிப் பாருங்கள், கால் கட் ஆகிறதா என்று. கடைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கும். பில் போடுவதற்கு முன்னால் சுருங்கினால் பரவாயில்லை.