விழுதல்: ஜப்பான், 1946

சகாகுச்சி ஆங்கோ 1946 ஏப்ரலில் 'ஷின்ச்சோ' பத்திரிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பு 'தராகு ரோன்'. 'தராகு' என்பதைச் சீரழிவு என்று மொழிபெயர்த்தால் கட்டுரை கெட்டுவிடும். விரதம் காக்க முடியாமல் துறவி நழுவுவதையும் குறிக்கும் சொல் அது. 'விழுதல்' ஓரளவு நெருங்கிவருகிறது. சீரழிவு ஒரு தீர்ப்பு. விழுதல் ஒரு நிகழ்ச்சி. ஆங்கோ நிகழ்ச்சியைத்தான் பேசுகிறார்.

நாடு சரணடைந்து எட்டு மாதம். பூவாக உதிரப் பழக்கப்பட்ட இளைஞர்கள் உயிரோடு திரும்பிக் கள்ளச் சந்தையில் நிற்கிறார்கள். போர் விதவைகளின் மனதில் புது முகங்கள். ஒழுக்கம் போயிற்று என்ற அலறல் எங்கும். மனிதன் மாறவில்லை, மேல்பூச்சு உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார் ஆங்கோ. விதவையின் காதலை எழுதக்கூடாது என்று ராணுவம் தடுத்தது, விதவையும் மனுஷிதான் என்று அதற்குத் தெரிந்திருந்ததால். நாற்பத்தேழு ரோனின்களைச் சாகவிட்டதும் அவர்கள் வாழ்ந்து கறைபடக்கூடாது என்பதற்காகத்தான். அழகை அழகாயிருக்கும்போதே முடித்துவிடும் இந்த ஆசை தனக்குள்ளும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறார். குண்டுவீச்சின் பேரழிவில் தான் மயங்கி நின்றதையும் மறைக்கவில்லை. இந்த ஒப்புதல் இல்லாவிட்டால் கட்டுரை வெறும் சவடாலாகியிருக்கும்.

விழு, முழுதாக விழு, அங்கேதான் உன்னைக் கண்டெடுக்க முடியும்: இது அவர் காட்டும் வழி. இதை வைத்து அவரை வெறுமைவாதி ஆக்குகிறவர்கள் கடைசிப் பகுதியைப் படிப்பதில்லை. கடைசிவரை விழ மனிதனுக்குத் திராணியில்லை. மறுபடி ஒரு சக்கரவர்த்தியை, ஒரு வீரதர்மத்தைச் செய்துகொள்வான் என்று அங்கே எச்சரிக்கிறார்.

ஆனால் நாட்டை ஆண்டுகொண்டிருந்த அந்நிய ராணுவத்தை இக்கட்டுரை பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆங்கோவின் மனிதன் தனியே விழுகிறான். யார் கண்காணிப்பில் விழுகிறான் என்ற கேள்வி இல்லை. அச்சில் அதைக் கேட்கவும் முடியாது. 1945 செப்டம்பர் 19-ல் ஆக்கிரமிப்புத் தலைமை பத்திரிகை விதிகளைப் பிறப்பித்திருந்தது. பழைய ஜப்பானியத் தணிக்கையில் வெட்டிய இடத்தில் பெருக்கல் குறிகள் நிற்கும்; இங்கே ஏதோ இருந்தது என்று வாசகன் அறிவான். புதிய தணிக்கை அந்தக் குறியையும் விட்டுவைக்கவில்லை. தணிக்கை நடக்கிறது என்று எழுதவும் தடை. 1947 மே 3-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தணிக்கை கூடாது என்கிறது. அதை வரைந்துகொடுத்த அதே தலைமையின் கீழ்தான் தணிக்கை 1949 வரை நடந்தது.

வந்தவை எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. உழுதவனுக்கு நிலம் வந்தது. வேண்டியவைதாம். வேண்டியவை கொடையாக வந்ததே சிக்கல்.

இந்தச் சிக்கலைத் தொட்டவர் தகேயுச்சி யோஷிமி. 1948-ல் லூ சுன்னைத் துணையாகக் கொண்டு சீன நவீனத்தையும் ஜப்பானிய நவீனத்தையும் ஒப்பிட்டார். ஜப்பான் கெட்டிக்கார மாணவன். தோற்றால் பாடம் போதவில்லை என்று அடுத்த வாத்தியாரிடம் போகும். தோல்வியை எதிர்த்து நின்று தன்னை அறியாது என்பது அவர் வாதம். லூ சுன்னின் உருவகக் கதையில் அடிமையின் இருட்டறைக்கு ஜன்னல் வைக்க ஒரு முட்டாள் சுவரை இடிக்கிறான். அடிமையே கூச்சலிட்டு அவனை விரட்டுகிறான். ஜப்பானில் எஜமானனே ஜன்னல் வைத்துக்கொடுத்தான் என்று நான் சேர்த்துக்கொள்கிறேன். வெளிச்சம் வெளிச்சந்தான். ஆனால் சுவரை இடித்த கை அடிமையுடையதல்ல. தான் அடிமை என்று விழித்தவனுக்குப் போக வழியில்லை. அந்த வலியோடு நடப்பதே தகேயுச்சிக்கு எதிர்ப்பு. ஆங்கோவிடம் இல்லாத எதிராளி இங்கே இருக்கிறான். ஆனால் ஆங்கோவின் விதவையும் கள்ளச் சந்தைக்காரனும் இங்கே இல்லை. தகேயுச்சியின் அடிமைக்குப் பசிப்பதில்லை.

இருவரையும் படித்தபின் எனக்கு நிற்பது வேறு ஒருவர். ஹிரோஷிமாவில் உயிர்தப்பிய குரிஹாரா சதாகோ 1946-ல் 'கரிய முட்டைகள்' என்ற கவிதைத் தொகுதியைத் தணிக்கைக்குப்பின் சில கவிதைகள் இல்லாமல் வெளியிட்டார். முழுத் தொகுதி வந்தது 1983-ல். ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரல் 28-ல் முடிந்திருந்தது. ஒக்கினாவாவை 1972-ல்தான் திருப்பினார்கள். ராணுவத் தளங்கள் இன்னும் இருக்கின்றன. நீக்கிய கவிதைகளை முப்பத்தேழு வருடம் கழித்து அவற்றின் இடத்தில் திருப்பி வைத்தது சிறிய காரியம். நாட்டுக்கு இது வழியாகுமா என்று கேட்கலாம். எழுதுகிறவனுக்கு ஆகும். வெட்டுப்பட்ட இடம் எது என்று தெரியாமல் அடுத்த வரியை எழுத முடியாது.